‘ஒரிஜின்’ என்னும் சொல்லும் நமது விடையும்

ஆங்கிலத்தில் தொடக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல உள. அவற்றுள் ‘ஒரிஜின்’ என்னும் சொல் நம்மவர் வாழ்வில் பெற்றுள்ள இடத்தை வேறெந்தச் சொல்லும் பெறவில்லை. தாராவியிலும், மாதுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும் வாழும் தமிழ்ப் பௌத்தக் குடும்பமொன்று, தன் பிள்ளையைக் கல்லூரியிற் சேர்க்கவோ, அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவோ முற்படுங்கால், இச்சொல்லை எதிர்கொள்ளாது அப்பாற் செல்லுதல் அரிது. நீவிர் எந்த மாநிலத்தை ‘ஒரிஜினா’கக் கொண்டவர்? மதம் மாறுமுன் உமது சாதி யாது? ‘ஒரிஜினல்’ சான்றிதழ் எங்கே? இவ்வினாக்கள் யாவும் ஒன்றையே கேட்கின்றன: நீவிர் எங்கிருந்து தோன்றினீர்?

இச்சொல்லின் பொருள் யாது, அது எவ்வாறு வழங்குகின்றது, பௌத்தராகிய நாம் அவ்வினாவுக்கு மனமறிய அளிக்கவேண்டிய விடை யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மனச்சான்றைப் பற்றிய வினாவும் ஆகும். திரிசரணம் புகுந்து, சாதியைத் துறந்தேன் என உறுதி கூறிய ஒருவர், பின்னொரு நாள் படிவமொன்றில் பழைய சாதியின் பெயரை எழுதுதல் தகுமா? பொய்யாமையாகிய நான்காம் சீலத்துக்கு அது இழுக்காகுமா? எழுதாது விடுத்துப் பிள்ளையின் கல்வியை இழப்பது அறமாகுமா? இவ்வினாக்கள் நம் இல்லங்களிற் பலகாலும் எழுவன. இவற்றை உணர்ச்சியால் மட்டும் தீர்த்துவிட இயலாது.

தொடக்கமும் தோற்றமும்

தொடக்கம் வேறு, ‘ஒரிஜின்’ வேறு. தொடக்கத்துக்கு நாள் உண்டு. இந்திய அரசமைப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அஃது அதன் தொடக்கம். ஆயின் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிப்பதாகக் கூறுகின்றதே, அப்பிரிவின் ‘ஒரிஜின்’ யாது என்று கேட்பின், ஒரு நாளைச் சுட்டி விடைகூற முடியாது. 1927இல் மகாட் நகரின் சவுதார் குளத்தில் நீர் அருந்தச் சென்ற மக்களின் துணிவு அதிலுண்டு. அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த எண்ணற்ற போராட்டங்கள் அதிலுண்டு. தொடக்கம் ஒரு புள்ளி. ‘ஒரிஜின்’ என்பதோ பல காரணங்களின் கூட்டம்.

அச்சொல்லின் வேரை நோக்கினும் இதுவே புலப்படும். இலத்தீன் மொழியில் எழுதலையும் உதித்தலையும் குறிக்கும் வினைச்சொல் ஒன்றிலிருந்து அது பிறந்தது. ஞாயிறு எழும் திசையாகிய கிழக்கைக் குறிக்கும் ‘ஓரியண்ட்’ என்னும் சொல்லும் அதே வேரினின்று வந்ததே. ஆகவே ‘ஒரிஜின்’ என்பதன் பழம்பொருள் பிறந்த இடமும் அன்று, குலமும் அன்று. எழுச்சி, உதயம் என்பதே.

இவ்விடத்தில் பௌத்தர் நினைவுகொள்ள வேண்டிய ஒரு சொல் உண்டு. பகவன் புத்தர் அருளிய நான்கு வாய்மைகளுள் இரண்டாவதனைப் பாலி மொழியில் ‘சமுதயம்’ என்பர். ‘உதயம்’ என்றால் எழுதல். ‘சம்’ என்றால் கூடி. பல காரணங்கள் கூடத் துன்பம் எழுகின்றது என்பதே அதன் பொருள். பாலி நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தோர் பலர் இச்சமுதயத்துக்கு எடுத்தாண்ட சொல் ‘ஒரிஜின்’ என்பதேயாம். வேரளவில் நோக்கின் அது பொருத்தமான பெயர்ப்பே.

எனவே இவ்வோர் ஆங்கிலச் சொல் இருவேறு வாயில்கள் வழியாக நம்மிடம் வந்திருக்கின்றது. அலுவலகத்தின் வழியே வந்தபோது, ‘நீ பிறந்த குலம், மாற்ற இயலாதது’ என்ற பொருளைத் தாங்கி வந்தது. தம்மத்தின் வழியே வந்தபோது, ‘காரணங்களால் எழுந்தது, காரணங்கள் நீங்கின் தானும் நீங்குவது’ என்ற பொருளைத் தாங்கி வந்தது. நாம் எப்பொருளில் அச்சொல்லைக் கொள்கின்றோம் என்பதைப் பொறுத்தே நம் விடை அமையும்.

சட்டத்தில் அச்சொல்

அலுவலக வழக்கை முதலிற் காண்போம். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, மாநிலந்தோறும் சாதிகளைப் பட்டியலிட்டது. இந்து சமயத்தினர் அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்பது அதன் பொதுவிதி. 1956இல் அவ்விதி திருத்தப்பட்டுச் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். அவ்வழி சென்ற மக்கள் நடுவண் அரசின் பட்டியலுக்கு வெளியே நின்றனர். மதம் மாறியவுடன் அவர்களுடைய குடிசைகள் மாடங்களாகவில்லை. சேரிகள் ஊருக்குள் வந்துவிடவுமில்லை. ஆயினும், துன்பத்தின் பெயரை இழந்தமையால் அதற்குரிய மருந்தையும் இழந்தனர். 1990இல் அவ்வாணை மீண்டும் திருத்தப்பட்டுப் பௌத்தரும் சேர்க்கப்படும்வரை, முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் நடுவண் அரசைப் பொறுத்தவரை இந்நிலை நீடித்தது.

மும்பைத் தமிழருக்கு இத்துடன் மற்றொரு தடையும் உண்டு. 1985ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாளிட்ட நடுவண் உள்துறைச் சுற்றறிக்கையில் ‘ஒரிஜின்’ என்னும் இச்சொல்லே மாநிலத்தோடு சேர்த்து ஆளப்பட்டுள்ளது. கல்விக்காகவோ பிழைப்புக்காகவோ வேறு மாநிலம் சென்ற பட்டியல் சாதியினர் தம் தோற்ற மாநிலத்தைச் சார்ந்தவராகவே கருதப்படுவர். சலுகையை அங்கிருந்தே பெறலாம், குடியேறிய மாநிலத்தில் அன்று என்பது அதன் கருத்து. ஆந்திரத்தினின்று மும்பைக்கு வந்த குடும்பத்து மாணவர் ஒருவரின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றம் இந்நெறியை உறுதி செய்தது. 2018இல் ஐவர் கொண்ட அரசமைப்பு அமர்வும் மாநில அரசுப் பணிகளைப் பொறுத்து இதனையே வலியுறுத்தியது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தனர். அவர்களுக்குப் பின்னர் வந்தோர் பலர். பிற்காலத்து வந்த ஒருவரின் பேரன் தாராவியிலே பிறந்து, அங்கேயே பயின்று, தாய்மொழிக்கு நிகராக மராத்தி பேசுகின்றான். திருநெல்வேலியை அவன் திருமணங்களின்போது மட்டுமே கண்டிருப்பான். ஆயினும், 1950க்கு முன்னரே தன் குடும்பம் இங்கு நிலைத்து வாழ்ந்தது என்பதற்குச் சான்று காட்ட இயலாவிடின், அவனுடைய தோற்றம் தமிழ்நாடே என்று படிவம் கூறும். தமிழ்நாட்டுக்குச் சென்றாலோ, ‘நீ மும்பைக்காரன் அன்றோ’ என்பர். வாழும் இடத்தில் தோற்றமில்லை. தோற்ற இடத்தில் வாழ்வில்லை.

நீதிமன்றத்தின் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டென்பதை மறைத்தல் ஆகாது. ஒரு சாதி ஒரு மாநிலத்திற் படும் இழிவு மற்றொரு மாநிலத்தில் அவ்வாறே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பட்டியல்கள் அவ்வம்மாநில நிலைமையை ஆராய்ந்து வகுக்கப்பட்டவை என்பதே அவ்வாதம். அதாவது, துன்பம் இடத்தையும் சூழலையும் பொறுத்தது என்பதைச் சட்டமும் ஒப்புகின்றது. அங்ஙனமாயின், தாராவியின் குடிசையிலும் சாக்கடையோரத்திலும் மூன்று தலைமுறையாகப் பட்ட துன்பம் எந்த மாநிலத்தின் கணக்கில் எழுதப்படல் வேண்டும்? இவ்வினாவைச் சட்டத்தின்முன் எழுப்ப நமக்கு முழு உரிமை உண்டு.

பகவன் கூறிய தோற்றக் கதை

இனித் தம்மத்தின் வழக்கைக் காண்போம். உலகின் முதல் தொடக்கம் எது என்னும் வினாவுக்குப் பகவன் விடை கூறவில்லை. பிறவிச் சுழலின் முன்எல்லை அறியவொண்ணாதது என்றே அவர் உரைத்தார். மாலுங்கியபுத்தர் என்னும் துறவி அத்தகைய வினாக்களை எழுப்பியபோது, நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவனின் உவமையை எடுத்துக் காட்டினார். அம்பு எய்தவன் யார், அவன் அரசனோ, அந்தணனோ, வணிகனோ, சூத்திரனோ என அறியுமுன் அம்பைப் பிடுங்க விடேன் என்பவன், அறிவதற்கு முன்னே இறந்துபடுவான். எய்தவனின் குலத்தை ஆராய்வதும் வீண் வினாக்களில் ஒன்றாக இவ்வுவமையில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

ஆயினும், பகவன் ஒரு தோற்றக் கதையைத் தாமே விரித்துரைத்ததும் உண்டு. தீக நிகாயத்தில் உள்ள அக்கஞ்ஞ சுத்தம் என்பது அது. ‘அக்கஞ்ஞ’ என்பதற்கு ஆதியைப் பற்றிய அறிவு என்று பொருள் கொள்வர். அக்கதை யாருக்குக் கூறப்பட்டது என்பதை நாம் மறத்தல் கூடாது. வாசெட்டர், பாரத்துவாசர் என்னும் இருவர் அந்தணக் குலத்தினின்று நீங்கிச் சங்கத்திற் சேர விழைந்தவர். உயர்ந்த குலத்தை விட்டுத் தாழ்ந்தோருடன் சேர்ந்தீர்கள் என்று அவர்தம் சுற்றத்தார் அவர்களை ஏசினர். தாம் பிரமனின் வாயிற் பிறந்தோம் என்று பெருமை பேசினர். பழைய குலத்தை விட்டு வந்து, அதன் பொருட்டு ஏச்சுக்கேட்ட இருவருக்கே பகவன் தோற்றத்தைப் பற்றிப் பேசினார். ஆதலின் அஃது நமக்கும் உரிய பேச்சு.

அந்தணப் பெண்டிரும் கருவுற்று ஈன்று பாலூட்டுவதைக் காண்கின்றோமே, பிறகு வாயிற் பிறந்தோம் என்பது எங்ஙனம் என்று முதலில் அவர் வினவினார். பின்னர்க் கதையைத் தொடர்ந்தார். தொடக்கத்தில் மனிதருள் பிரிவு இருக்கவில்லை. விளைந்த நெல்லை அவரவர் வேளைக்கு வேண்டிய அளவு கொண்டுவந்தனர். ஒருவன் சோம்பலால் இருவேளைக்கும் சேர்த்துக் கொண்டுவந்தான், மற்றவன் இருநாளைக்குக் கொண்டுவந்தான், சேமிப்பு வளர்ந்தது, நிலத்துக்கு எல்லை இடப்பட்டது, பிறர் பங்கைத் திருடுதல் வந்தது, பொய் வந்தது, தண்டனை வந்தது, தண்டிக்க ஒருவனை மக்கள் தேர்ந்தெடுத்தனர். அவ்வாறே தொழிலையும் நடத்தையையும் ஒட்டி ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர் ஏற்பட்டது. அப்பிரிவினர் யாவரும் அதே மக்களினின்று எழுந்தவரே, வேறெவரினின்றும் அல்லர்.

இக்கதையை வரலாறாகக் கொள்ளவேண்டுவதில்லை. அதன் முறையைக் கவனித்தல் வேண்டும். அங்கு எந்தக் குலமும் தெய்வத்தின் உறுப்பினின்று விழவில்லை. ஒவ்வொரு பிரிவும் மனிதர் செய்த ஒரு செயலால், ஒரு பேராசையால், ஓர் உடன்பாட்டால் எழுகின்றது. காரணத்தைக் காட்டியவுடன் அதன் தெய்வத்தன்மை அழிகின்றது. தோற்றத்தை ஆராய்வதன் முதற்பயன் இதுவே.

மச்சிம நிகாயத்து அஸ்ஸலாயன சுத்தம் இதனை மற்றொரு வழியில் விளக்கும். தம் பிறப்பின் தூய்மையைப் போற்றிய அந்தணர் எழுவரை நோக்கி அசித தேவலர் என்னும் முனிவர், உம் தாயின் தாய், அவள் தாய் என ஏழு தலைமுறை வரை அவர்கள் அந்தணரையே கூடினர் என்பதை அறிவீரோ என்று வினவ, அறியோம் என்றனர். அங்ஙனமாயின் நீவிர் யாவர் என்று அவர் மீண்டும் கேட்டார். அச்சுத்தத்திலேயே, சந்தனக் கட்டையிற் கடைந்த தீயும் நாய்த்தொட்டியின் கட்டையிற் கடைந்த தீயும் ஒளியிலும் வெம்மையிலும் வேறுபடுமோ என்னும் வினாவும் உண்டு. கட்டை எதுவாயினும் தீ தீயே.

‘ஆதி’ என்னும் அடைமொழி

தோற்றத்தை ஆயுதமாகக் கொண்டு நம் முன்னோர் போரிட்டனர் என்பதும் உண்மை. பண்டித அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் தாம் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டில், நம்மவர் பூர்வ பௌத்தரே என்று இடையறாது எழுதினார். 1922இல் எம். சி. ராஜா கொணர்ந்த தீர்மானத்தின் பயனாகச் சென்னை மாகாண அரசு, இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. பஞ்சாபில் 1926இல் ‘ஆதி தர்மம்’ என்னும் இயக்கம் எழுந்தது. ஆந்திரத்திலும் கன்னடத்திலும் ‘ஆதி’ என்னும் அடைமொழி அவ்வாறே பரவிற்று.

இழிபிறப்பினர் என்று ஏசப்பட்டவர், நாமே இந்நாட்டின் முதற்குடிகள் என்று தலைநிமிர்ந்தமை பெரும் செயல். அதனை நாம் நன்றியுடன் போற்றுகின்றோம். எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். முதலில் வந்தவனே உரியவன் என்னும் வாதத்தை ஏற்றுக்கொண்டால், மும்பையில் பின்னர் வந்த தமிழனை நோக்கி, ‘நீ இம்மண்ணின் மைந்தன் அல்லன்’ என்று கூறுவோனுக்கு நாம் என்ன மறுமொழி தருவோம்? 1960களின் பிற்பகுதியில் அம்முழக்கம் இந்நகரில் எழுந்தபோது தென்னாட்டினர் பட்ட அல்லல் முதியோர் பலர் நினைவில் உண்டு. தோற்றத்தின்மேற் கட்டிய உரிமை, இடம் மாறியவுடன் நம்மையே வெளியேற்றும். மனிதனாயிருத்தலின்மேற் கட்டிய உரிமையோ எவ்விடத்தும் நிற்கும்.

தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் ஆபுத்திரன் கதை நம்மவர் அறிந்ததே. வேள்விக்குக் கட்டிய பசுவை விடுவித்த அவனை, அந்தணர் பிறப்பைச் சுட்டி இகழ்ந்தனர். அவனும் சளைக்கவில்லை. உம் முனிவருள் அசலன் பசுவின் மகன் அல்லனோ, சிருங்கி மானின் மகன் அல்லனோ என்று அவர்தம் தோற்றக் கதைகளையே எடுத்துக் காட்டினான். ஆயினும் சாத்தனார் அவனை அவ்வாதத்தோடு நிறுத்தவில்லை. அவன் மதுரை சென்று, இரந்து பெற்ற சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி எஞ்சியதைத் தான் உண்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. பிறப்பைப் பற்றிய வாதத்தில் வென்றமையால் அன்று, பசிப்பிணி தீர்த்தமையாலேயே அவன் நம் நினைவில் நிற்கின்றான்.

பாபாசாகேப் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர்’ பற்றிய நூலும் ஒரு தோற்ற ஆராய்ச்சியே. அதில் அவர் இரத்தத்தால் வேறுபட்ட இனம் என்னும் கொள்கையை மறுத்தார். மூக்களவு முதலிய அளவைகளையே எடுத்துக்கொண்டு, தீண்டப்படாதோரும் ஏனையோரும் வேறு இனத்தினர் அல்லர் என்று காட்டினார். சிதறுண்ட மக்கள் பௌத்தத்தைக் கைவிடாமையும் மாட்டிறைச்சியை விடாமையுமே தீண்டாமைக்கு வேர் என்றும், அது ஏறத்தாழக் கி.பி. 400 அளவில் எழுந்தது என்றும் முடிவு கூறினார். அக்காலக் கணக்கை அறிஞர் சிலர் ஏற்பர், சிலர் மறுப்பர். ஆனால் அம்முயற்சியின் உட்கிடை தெளிவானது. தீண்டாமை அநாதி என்று கூறப்பட்டு வந்தது. அதற்கு ஒரு காலத்தையும் காரணத்தையும் காட்டியவுடன் அஃது அநாதி அன்று என்றாயிற்று. சாரநாத்தில் முதற்பேருரையைக் கேட்ட கொண்டஞ்ஞருக்குத் தோன்றிய தெளிவும் இதுவே: தோன்றும் இயல்புடையது யாதாயினும், அது மறையும் இயல்பும் உடையது.

முதலும் வட்டியும்

தமிழில் ‘முதல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: தொடக்கம் என்பது ஒன்று, வணிகத்தில் இடும் பணம் என்பது மற்றொன்று. சாதியின் தோற்றத்தை நாம் முதற்பொருளில் மட்டுமே எண்ணி, எங்கோ ஆயிரம் ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது என்று இருந்துவிடுகின்றோம். உண்மையில் அது இரண்டாம் பொருளிலும் முதலே. இட்ட முதல் வட்டியால் வளர்வதுபோல, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு செயலால் அது வளர்க்கப்படுகின்றது. பெயரைக் கேட்டபின் ஊரைக் கேட்பது, ஊரைக் கேட்டபின் தெருவைக் கேட்பது, வாடகைக்கு வீடு மறுப்பது, சாக்கடைக்குள் இறங்க இன்னாரையே அழைப்பது ஆகிய இவை யாவும் அம்முதலுக்கு இன்று இடும் வட்டி. சமுதயம் என்பது பழங்கதை அன்று, இன்றும் நிகழ்வது.

பன்னிரு சார்புகளுள் பிறப்பைக் குறிக்கும் பாலிச் சொல் ‘ஜாதி’ என்பதே. அங்கு அது குலத்தைக் குறியாது, பிறத்தலையே குறிக்கும். சாத்தனார் அதனைத் ‘தோற்றம்’ என்று தமிழாக்கினார். அச்சார்புகளின் தலையில் நிற்பது பேதைமை. சொல்லொற்றுமையைக் கொண்டு பொருளை வலிந்து கூறுதல் ஆகாது. ஆயினும், நாம் சாதி என்று வழங்கும் தீமைக்கும் அடியில் பேதைமையே நிற்பதை வாழ்க்கை நமக்குக் காட்டியுள்ளது.

படிவத்தில் யாது எழுதுவது?

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1956 அக்டோபரில் நாகபுரியிலும், அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் பாபாசாகேபின் உடலுக்கு எரியூட்டிய தாதர் கடற்கரையிலும், பின்னர் நம் பகுதிகளிலும் தீட்சை பெற்றோர் ஏற்ற இருபத்திரண்டு உறுதிமொழிகளுள், இது எனக்குப் புதுப்பிறப்பு என்னும் கருத்துடைய ஒன்றும் உண்டு. புதிதாய்ப் பிறந்தவன் பழைய சாதியை எழுதலாமோ என்று மனம் குழம்பும் நம் உடன்பிறந்தார் உளர். அவர்தம் தயக்கம் மதிக்கத்தக்கது; உறுதிமொழியை விளையாட்டாகக் கருதாதவரே அவ்வாறு தயங்குவர்.

ஆயினும், மருத்துவர் நோயாளியை நோக்கி, இந்நோய் எப்போது எழுந்தது, உம் தந்தைக்கும் இருந்ததோ என்று வினவுகின்றார். நோயாளி உண்மையைக் கூறுகின்றான். கூறியதனால் நோயே அவன் பெயராகிவிடுவதில்லை. மறைத்தானாயின் மருந்து தவறும். சாதிச் சான்றிதழ் கேட்பதும் முறைப்படி நோக்கின் அத்தகைய வினாவே. நீ யார் என்று அது கேட்கவில்லை. எத்துன்பம் உன் குடும்பத்தின்மேற் சுமத்தப்பட்டது என்றே கேட்கின்றது. அதற்கு உண்மை கூறுதல் பொய்யாமைக்கு இழுக்கன்று, பொய்யாமையே ஆகும். 1990ஆம் ஆண்டுத் திருத்தமும் இதனையே ஏற்றது: பௌத்தனாயினும் அவன்மேல் ஏற்றப்பட்ட இழிவின் வடு மறையவில்லை.

ஆனால் சமயம் என்னும் கட்டத்தில் அச்சத்தாலோ வசதியின் பொருட்டோ வேறொன்றை எழுதுவது முறையன்று. அங்குப் பௌத்தம் என்றே எழுதுதல் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வருங்காலும் அவ்வாறே கூறுதல் வேண்டும். சாதி எமக்குப் பிறர் இட்டது. சமயம் யாம் தேர்ந்தது. இட்டதை இட்டது என்றும் தேர்ந்ததைத் தேர்ந்தது என்றும் எழுதுவதில் முரண் யாதுமில்லை.

அவ்வினா பாவமாகும் இடமும் ஒன்று உண்டு. அது அலுவலகம் அன்று; நம் இல்லத்து முற்றமே. திருமணப் பேச்சு எழுங்கால், மணமகன் பௌத்தனா, ஒழுக்கமுடையவனா, உழைப்பவனா என்று கேட்டு அமையாது, ‘ஒரிஜினல் எந்த ஊர், எந்தப் பிரிவு’ என்று தாழ்ந்த குரலிற் கேட்பவர் நம்மிடையே இலரோ? மராத்தியப் பௌத்தர் இல்லத்திற் பெண் கொள்ளத் தயங்குவோர் இலரோ? தோல் வேலை செய்த குடும்பம் என்றும், துப்புரவு வேலை செய்த குடும்பம் என்றும் நமக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு காண்போர் இலரோ? மருத்துவர் கேட்கும் வினாவை நாம் தராசுக்காரர்போற் கேட்கின்றோம். அவர் நோய் தீர்க்கக் கேட்கின்றார். நாம் எடைபோடக் கேட்கின்றோம். படிவத்தில் பழைய சாதியை எழுதுவதனால் உறுதிமொழி முறிவதில்லை. இம்முற்றத்துக் கேள்வியாலேயே அது முறிகின்றது.

ஆதலின், அன்பர்களே, இவ்வோர் அளவுகோலை நாம் கைக்கொள்வோம். தோற்றத்தைப் பற்றி ஒருவர் வினவும்போது, அது துன்பத்தை நீக்குதற்கோ, மனிதரைப் பிரித்தற்கோ என்று பார்த்தல் வேண்டும். நீக்குதற்காயின் மறையாது விடைகூறுவோம். மாநில எல்லையால் மறுக்கப்படும் உரிமையையும் அதே வாய்மையோடு கேட்போம். பிரித்தற்காயின், கேட்பவர் அயலாராயினும் உறவினராயினும், அதற்கு விடை கூறாதிருப்போம். நாமும் பிறரைக் கேளாதிருப்போம்.

நம் பிள்ளைகள், நாம் எங்கிருந்து வந்தோம் என்று கேட்பர். அவர்களிடம் எதனையும் மறைத்தல் வேண்டா. திருநெல்வேலியையும், தோல் பதனிட்ட தொட்டிகளையும், முன்னோர் பட்ட இழிவையும், அயோத்திதாசரையும், நாகபுரியையும் சொல்லுங்கள். எது எக்காரணத்தால் எழுந்தது என்பதையும் உடன் சொல்லுங்கள். அக்கஞ்ஞ சுத்தத்தின் நடுவே பகவன் வாசெட்டருக்குக் கூறிய அறிவுரை ஒன்றுண்டு: நீங்கள் பல பெயர்களினின்றும் பல குலங்களினின்றும் வந்தவர்கள், யாரென்று எவரேனும் கேட்பின், சாக்கியரின் மக்கள் என்று கூறுங்கள் என்பது அதன் கருத்து. பழைய குலங்கள் இருந்ததை அவர் மறுக்கவில்லை. அவற்றை விடையாகக் கொள்ள வேண்டா என்றே கற்பித்தார். நம் இல்லங்களிலும் அவ்விடையே வழங்குவதாக.